ஒப்பரேசன் செய்துகொண்ட புருஷன்

தடாலென்று எழுந்த சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயமே வெளியே வந்தது.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடந்தது லூர்துமேரியின் தகரப் பெட்டி. மூடி பிளந்து, இரண்டு சேலைகளும் பிள்ளைகளின் பூசைச் சட்டைகளும் ஈரத் தரையில் சிதறியிருந்தன. அதற்குப் பின்னாலேயே கொழுந்துக் கூடை வந்து விழுந்தது. அதற்கும் பின்னால் வாசற்படியில் வந்து நின்றாள் மாமியார் அந்தோனியம்மா. முந்தானையை இழுத்துச் செருகிய தோரணையிலேயே தெரிந்தது, இது வீட்டுக்குள் முடிகிற சண்டையில்லை என்று.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மவன் போன வருசமே ஒப்பரேசன் பண்ணிக்கிட்டவன். அது இந்தத் தோட்டத்துக்கே தெரியும். இவ இப்ப முழுவாம நிக்கிறா. எப்புடி? யாருன்னு அவளே சொல்லட்டும்."

மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடத்தை நிறைத்துக்கொண்டு படியேறி வந்த லூர்துமேரி, குடத்தை இறக்கவும் தோன்றாமல் நின்றாள். இடுப்பில் குடம், கையைப் பிடித்தபடி நடுப்பிள்ளை. பனி இறங்கிக்கொண்டிருந்த பின்னேரம். பசறைக்குப் போகும் பஸ் கீழே எங்கோ கொண்டை ஊசி வளைவில் ஹோர்ன் அடித்தது.

"பொடவ மூட்டக்காரரு அடிக்கடி இந்தப் பக்கம் வந்தாரே" என்று ஒரு குரல் கூட்டத்திலிருந்து வந்தது.

"யாரு, மொஹிதீன் நானாவா? அந்த மனுசனுக்கு மூட்டையத் தூக்கவே மூச்சு வாங்குது. போவியா" என்றது இன்னொரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

லூர்துமேரி அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. கதவோரம் நின்ற புருஷனையே பார்த்தாள். கிருபாகரன் சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல" என்றான் அவன் சுவரிடம்.

அவள் குடத்தை அங்கேயே வைத்தாள். நனைந்த துணிகளை அள்ளிப் பெட்டியில் போட்டாள். மூத்தவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று பெண்களோடும் அவள் படியிறங்கியபோது யாரும் தடுக்கவில்லை.

இத்தனைக்கும் கிருபாகரன் கெட்ட புருஷன் என்று பேர் எடுத்தவன் அல்ல. அவனைப் போல ஒருவன் எந்த லயத்திலும் கிடையாது என்று அவளே பெருமைப்பட்ட காலம் உண்டு.

தொண்ணூற்றேழாம் வருடம் கடைக்குட்டி நிஷாலினி பிறந்தபோது லூர்துமேரி செத்துப் பிழைத்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. "இன்னொரு பிள்ளை வந்தா தாய் மிஞ்சுறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பில் இரத்தமே இல்லாதவளுக்கு மேற்கொண்டு கத்தி வைக்கவும் அவர் பயந்தார். வீட்டுக்கு வந்த பிறகு தோட்டத்து மருத்துவிச்சி ஜெயலெட்சுமி புருஷனையும் பெண்டாட்டியையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"ஆம்பளைக்குன்னா இது சின்ன வேல. புள்ள வராம ஒப்பரேசன் செய்யிற முகாம் வருது. காலையில போனா பின்னேரம் வந்துறலாம். என்ன சொல்றீங்க கிருபா?"

அந்தக் கேள்விக்கு லயத்து ஆண்கள் வழக்கமாகச் சிரித்து மழுப்புவார்கள், இல்லாவிட்டால் எழுந்து போவார்கள். கிருபாகரன் இரண்டும் செய்யவில்லை. "எல்லாத்துக்கும் அவளையே ஏன் அறுக்கணும்? நான் போறேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை லூர்துமேரி எத்தனையோ நாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

அந்தோனியம்மா மட்டும் ஒப்பாரி வைத்தாள். "ஒத்த மவன். மூணும் பொட்டப் புள்ளையாப் பெத்துப் போட்டுட்டு, இப்ப எம் புள்ளையையும் காயடிக்கப் பாக்குறாளே." பிறகு ஒருநாள் திடீரென்று அடங்கிப்போனாள். மாமியாருக்கு மனசு இறங்கிவிட்டது என்று மருமகள் நினைத்தாள்.

தோட்டத்து லொறி ஆண்களை ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனது. திரும்பி வந்த கிருபாகரன் காலை அகட்டி அகட்டி நடந்தான். வாரம் முழுக்கப் படுத்தே கிடந்தான். அந்தோனியம்மா நாட்டுக்கோழி அடித்து ரசம் வைத்தாள். லூர்துமேரி, தையல் காய்ந்தும் காயாத வயிற்றோடு விறகும் தண்ணீரும் சுமந்தாள். காயத்துக் கட்டை மாற்றிவிடட்டுமா என்று கேட்டபோது அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். "பொம்பள பாத்தா சீழ் வச்சிரும்னு சொல்லி விட்டாங்க." அவள் நம்பினாள். பிறகும் பார்க்க வழியில்லை. ஒற்றைக் காம்பராவில் மாமியாரும் பிள்ளைகளும் சுற்றிப் படுத்திருக்கும் வீட்டில், விளக்கணைந்த பிறகுதான் புருஷன் பெண்டாட்டி.

ஒப்பரேசன் செய்துகொண்டவர்களுக்கு லேசு வேலை கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைமலையாய் ஏறிக்கொண்டிருந்த கிருபாகரனுக்கு ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வாச்சர் வேலை கிடைத்தது. உட்கார ஒரு கதிரை, போட்டுக்கொள்ள ஒரு மழைக்கோட்டு. தொரை போகும்போது எழுந்து நின்றால் போதும்.

பெட்டியோடு வெளியேறியவளுக்கு அந்தத் தோட்டத்தில் போக இருந்த இடம் ஒன்றே ஒன்று. கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் அந்தோனியம்மாவின் தம்பி செபமாலை தனியாக இருந்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், குடிகாரன். ஆனால் பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவன்.

அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெட்டியத் தூக்கியா போட்டா? எங்கக்காவா? அவளுக்கு நல்ல சாவு வருமா?"

"மாமா, நான் ஒரு தப்பும் பண்ணல."

"நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும் ஆத்தா. என்னைய விட யாருக்குத் தெரியும்?" அவன் குரல் இறங்கியது. "வெட்டுப்பட்டது நானு."

லூர்துமேரிக்கு முதலில் புரியவில்லை.

"அன்னைக்கு ஒங்கத்த என்னையும் கூட்டிக்கிட்டு பஸ்ஸில முன்னாடியே முகாமுக்குப் போயிட்டா. 'கிருபாகரன்'னு பேரக் கூப்புட்டாங்க. என்னையப் பிடிச்சு உள்ள தள்ளிவிட்டா. 'நீ தனிக்கட்ட, ஒனக்கு இருந்தா என்ன, போனா என்ன'ன்னா. உள்ள இருந்தவங்களுக்கு தோட்டத்து மூஞ்சியெல்லாம் ஒரே மூஞ்சி. யாரு கேட்டா?"

"அவரு?"

"அவன் எதுத்த கடையில பிளேன்டி குடிச்சுக்கிட்டு இருந்தான். நோவு எனக்கு, கோழி ரசம் அவனுக்கு." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "எங்கக்கா ரெண்டு போத்தல் வாங்கிக் குடுத்து வாய மூடிட்டா. மன்னிச்சிரு ஆத்தா."

மடியில் நிஷாலினி விரல் சப்பிக்கொண்டு கிடந்தாள். லூர்துமேரி அவளைத் தட்டிக்கொடுத்தபடி, "சங்கத்துத் தலைவர்ட்ட வந்து இதச் சொல்லுவீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"சொல்றேன். ஆனா காலையில ஒன்னு, பின்னேரம் ஒன்னு பேசுற குடிகாரன்னு தோட்டத்துக்கே தெரியும். என் வாயில வந்தா செல்லாது. அவன் வாயால வரணும்."

மறுநாள் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டு கலைந்த கையோடு அவள் ஸ்டோர் வாசலுக்குப் போனாள். கிருபாகரன் கதிரையிலிருந்து எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

"சத்தம் போட்டுறாத மேரி. உள்ள டீமேக்கர் ஐயா இருக்காரு."

"நான் சத்தமே போடல. ஒன்னு மட்டும் சொல்லுங்க. இன்னொரு புள்ள வந்தா நான் செத்துருவேன்னு ஒங்களுக்குத் தெரியும். வெட்டிக்கலன்னும் ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே எங்கிட்ட வந்தீங்க?"

அவன் மழைக்கோட்டின் பித்தானைத் திருகினான்.

"அம்மா அழுதுச்சு மேரி. பேரு சொல்ல ஒரு ஆம்பளப் புள்ள வேணும்னுச்சு."

"சரி. இப்ப வந்து எல்லார் முன்னுக்கும் உண்மையச் சொல்லுங்க."

"சொன்னா இந்த வேல போயிரும். ஆள் மாத்துனதுக்குத் தோட்டத்த விட்டே வெரட்டுவாங்க. இந்தப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போறது?"

"எம் மானம்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "புள்ள பொறக்கட்டும். பொறந்ததும் நானே சொல்றேன். ஆஸ்பத்திரியில டொக்டர்ட்டயும் உள்ளதச் சொல்லி ஒனக்கு அப்பவே ஒப்பரேசன் செய்ய வைக்கிறேன். ஒன்னைய சாக விடமாட்டேன். மாதா மேல சத்தியம்."

அவளுக்கு அந்தச் சத்தியத்தைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை. பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருபாகரன் தலைவரோடு வந்து அவளைத் திருப்பி அழைத்துப் போனான். லயம் வாயைப் பிளந்தது. "கெட்டுப்போனவளையும் வச்சுக் காப்பாத்துறானே. தங்கமான மனுசன்" என்றார்கள். தலைவர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பாராட்டை அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். அந்தக் குனிவும் அடக்கமாகத்தான் தெரிந்தது.

அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்க யாரும் நிற்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் வெற்றிலைப் பை கைமாறும்போது அவளைத் தாண்டிப் போனது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா நிஷாலினியைத் தூக்கிக் கொடுக்கும்போது, "இதாவது அப்பன் சாயல்" என்றாள்.

அந்தோனியம்மா வெளியே நின்று அவளைக் காறித் துப்புவாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைப்பாள்.

"தின்னு. ஆம்பளப் புள்ள மாதிரித்தான் இருக்கு வவுறு. அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்."

"வெளியில வேற மாதிரிச் சொல்றீங்களே அத்த?"

"வெளியில சொல்றது வேற, அவன் வேல நிக்கணும்ல. என் ரெத்தம்னு எனக்குத் தெரியாதா? தின்னு."

லூர்துமேரி தின்றாள். வயிற்றுப்பிள்ளைக்குப் பசித்தது.

மாதம் நிறையும் முன்பே ஒரு காலைப்பொழுதில் வலி கண்டது. ஜெயலெட்சுமி லொறி பிடித்து அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். புருஷனும் மாமியாரும் கூடவே வந்தார்கள். அந்தோனியம்மாவின் கையில் சுடுதண்ணிப் போத்தலும், ஆண்பிள்ளைக்கென்று தைத்து வைத்த நீலச் சட்டையும் இருந்தன.

டாக்டர் நிவேதிகா சின்னப் பெண், யாழ்ப்பாணத்துக்காரி. பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினாள்.

"இண்டைக்கே வெட்டித்தான் எடுக்கவேணும். இரத்தத்துக்குச் சொல்லியிருக்கிறன். பயப்பிடாதேங்கோ அம்மா."

"டொக்டரம்மா, அதோடயே எனக்குப் புள்ள வராம ஒப்பரேசனும் பண்ணி விட்ருங்க."

"ஏன்? உங்கட அவருக்குச் செய்தாச்சு எண்டு உங்கட தோட்டத்து மிஸி சொன்னாவே."

"ஆமாங்க டொக்டர்" என்றாள் ஜெயலெட்சுமி. "நான்தான் லொறியில ஏத்தி அனுப்பினேன்."

டாக்டர் யோசித்தாள். "அப்ப அது சரிவரேல்லைப் போல. ஆயிரத்தில ஒண்டு அப்பிடி நடக்கிறதுதான். அதுக்கு உங்களை ஏன் கூட நேரம் வெட்டி வைச்சிருக்கவேணும்? உங்கட உடம்பில அதுக்குத் தெம்பில்லை. ஒரு வீட்டில ஒராளுக்குச் செய்தாக் காணும்." கிருபாகரன் பக்கம் திரும்பினாள். "ஐயா, பக்கத்து அறைக்குப் போங்கோ. சோதிச்சுப் பாத்து உங்களுக்கே திருப்பிச் செய்வம்."

லூர்துமேரி தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். வலி இடுப்பைப் பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இந்த நேரத்துக்காகத்தான் அத்தனை வாயையும் பொறுத்திருந்தாள்.

கிருபாகரன் வாயைத் திறந்தான். ஜெயலெட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தால் தோட்டத்து ஒபீஸில் விழுந்த மாதிரி. அந்தோனியம்மாவின் கை மெதுவாக நகர்ந்து மகனின் முழங்கையைப் பிடித்தது.

"சோதிக்க வேணாங்க" என்றான் அவன். "எனக்குச் சரியாத்தான் செஞ்சிருக்கு."

"சரியாச் செய்திருந்தா இதெப்பிடி?"

மகனுக்குப் பதிலாகத் தாய் பேசினாள். "அவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க டொக்டரம்மா. நல்லாத்தான் வெட்டியிருக்கு. மறுபடியும் தொட வேணாம். இவளுக்கும் ஒன்னும் செய்ய வேணாம். இந்த வயசுலயே பொம்பளைக்கு எல்லாத்தையும் அடைச்சிட்டா எப்புடி?"

"ஐயா, உங்களைத்தான் கேக்கிறன். உங்கட ஒப்பரேசன் சரியெண்டா இவவுக்குத் தேவையில்லை. பிழையெண்டாச் சொல்லுங்கோ. இப்பவே முடிவெடுக்கவேணும்."

"சரிதாங்க" என்றான் கிருபாகரன் தரையைப் பார்த்து.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "அப்ப பிள்ளையை மட்டும் எடுப்பம்."

தள்ளுவண்டி வந்தது. லூர்துமேரியைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். அந்தோனியம்மா நீலச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து, அவள் வயிற்றின் மேல் சிலுவை போட்டாள். வண்டி ஓரடி நகர்ந்தது.

லூர்துமேரி டாக்டரின் வெள்ளைக் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றது. அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் அப்போதும் நிமிரவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகளுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"அவரு ஒப்பரேசன் நல்லாத்தான் இருக்கு டொக்டரம்மா. இந்தப் புள்ளதான் அவருது இல்ல. எனக்குச் செஞ்சு விட்ருங்க."