பதினெட்டரை அங்குலக் குழல்

பக்கத்துப் பண்ணைவீட்டில் பட்டப்பகலில் திருடர்கள் பூட்டை உடைத்ததிலிருந்து ஆர்லிஸுக்கு வீட்டில் தனியாக இருக்கவே நடுக்கமாயிருந்தது. நெப்ராஸ்காவில் அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வெறும் புல்வெளிதான். கணவன் டுவேன் மாட்டு லாரி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர்.

"உங்கிட்டதான் துப்பாக்கி இருக்கே, அது போதும். சும்மா பயந்து சாகாத" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

துப்பாக்கி இருந்தது. தோழி ரோண்டாவோடு சேர்ந்து, ஒரே ரகத்தில் வாங்கியது. ஞாயிறுதோறும் இருவரும் காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடப் போவார்கள். குளிர் தொடங்கினால் காட்டுக்கோழி வேட்டை. குழல் இருபத்தெட்டு அங்குலம். பறப்பதைக் குறிவைக்க அந்த நீளம் வாகு. வீட்டுக்குள் வாசற்படி தாண்டித் திரும்பினால் சுவரில் இடித்தது.

துப்பாக்கிக் கடைக் குச்செராவிடம் போனாள்.

"நடுவுல, இருபத்துநாலுன்னு எடுத்தா வேட்டைக்கும் வீட்டுக்கும் ஆகுமா?"

"ரெண்டுக்கும் சுமாராத்தான் ஆகும். வெளிய நீளம், வீட்டுக்குக் குட்டைன்னு ரெண்டு குழலா வச்சுக்குங்க. கழட்டி மாட்டுறது லேசு. அதான் டுவேன் போன மாசமே குட்டைக் குழல் வாங்கிட்டுப் போனாரே?"

"அவரா?"

"பதினெட்டரை அங்குலம். உங்க துப்பாக்கிக்குன்னுதான் சொன்னாரு. ட்ரெய்லர் வீடு, ரயில் பெட்டி மாதிரி நடை ஒடுக்கம், படுக்கையறை கடைக்கோடில, நீளக் குழலோட திரும்பவே முடியாதுன்னு கையை விரிச்சுக் காட்டினாரு. நீங்க வீடு மாத்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஆர்லிஸ் இருந்தது அவள் அப்பா கட்டிய பெரிய மரவீடு. அந்த ஒடுக்கமான நடையை அவளுக்குத் தெரியும். விவாகரத்துக்குப் பிறகு ரோண்டா ட்ரெய்லர் வீட்டுக்குக் குடிபோனபோது, கட்டிலைச் சாய்த்துச் சாய்த்து அதன் வழியே தூக்கிப் போனவர்களில் அவளும் ஒருத்தி. ரோண்டா தனியாகிவிட்டாளே என்று அன்று அழுததும் அவள்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்றாள். காருக்குள் உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை.

சாயங்காலம் டுவேன் வந்து பூட்ஸைக் கழற்றும்போது கேட்டாள்.

"ரோண்டாவுக்குக் குழல் சரியாப் பொருந்துச்சா?"

கழற்றிய பூட்ஸைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

"அவ அங்க தனியா இருக்கா, ஆர்லிஸ். பயப்படறா."

"நான் யாரோட இருந்தேன்?"

இன்னொருத்தியோடு படுத்ததைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. இவள் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட்டு, ரோண்டாவின் பயத்துக்குக் கடையேறி நின்று அளவு சொன்னானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பூட்ஸை மறுபடி மாட்டிக்க" என்றாள்.

அவன் போன லாரியின் சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். தனக்கும் ஒரு குட்டைக் குழல் வேண்டும் என்றாள். குச்செரா வேறெதுவும் கேட்காமல் எடுத்து வைத்தார்.