கோன் சந்தையில் மூன்றாம் நாள்

டா நாங் நகரத்துக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் லியூவின் செருப்பு வார் அறுந்துபோனது. அதைத் தெருவோரம் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று கணவர் பாங் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாள் கோன் சந்தை, மறுநாள் ஹான் சந்தையும் ஆற்றங்கரைத் தெருக்களும், இன்று மறுபடியும் கோன் சந்தை.

அவர்கள் லீ சோன் தீவுக்காரர்கள். பூண்டு வயலும் கடலும்தான் பிழைப்பு. போன வருஷம் புயல் மாதத்தில் அவர்களுடைய ஒரே மகன் ஞோன் போன படகு கவிழ்ந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் கரை சேர்ந்தார்கள். ஞோன் சேரவில்லை. அலையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டோம், வேறு படகு ஏதாவது அவனைத் தூக்கியிருக்கும் என்று கூட்டாளி கான் ஊரெல்லாம் சொன்னான். பாங்கிடம் தனியாகச் சொன்னது வேறு.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தீவில் களிமண்ணால் உருவம் செய்து, சட்டை உடுத்திப் புதைப்பார்கள். வருஷம் திரும்புகிறதே என்று உறவுக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தபோது, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் குழி வெட்டச் சொல்கிறீர்களா என்று லியூ சண்டைக்குப் போனாள். அந்த வாரமே பூண்டு வியாபாரி ஒருவர், கோன் சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவன் ஞோனைப் போலவே இருக்கிறான் என்று சொல்லிவைத்தார். மறுநாளே லியூ பையைக் கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல பாங்குக்கு வாய் வரவில்லை.

கருவாட்டுக் கடைக்காரி ஒருத்தி லியூ நீட்டிய மகனின் புகைப்படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு தேடறீங்களா அத்தை? என் தங்கச்சி மக ஒருத்தி இருக்கா, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கும் அரிசிக் கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கேதான் அவனைக் கண்டார்கள். முதுகில் மூட்டை. நடக்கும்போது இடது தோள் சற்றே தாழ்ந்தது, ஞோனுக்குத் தாழ்வதுபோலவே. பாங்கே தன்னையறியாமல் ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். லியூ ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

அவன் திரும்பினான். யாரோ ஒருவன்.

"நான் இல்லம்மா" என்றான் அவன், மூட்டையை இறக்காமலே. "எனக்கு ஹுவே பக்கம். மூணு வருஷமா இங்கதான் தூக்கறேன்."

லியூ சட்டையை விடவில்லை. அவனும் உதறவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரர் திட்டத் தொடங்கிய பிறகுதான் அவள் விரல்கள் தளர்ந்தன. ஆனால் பாங்கைப் பார்த்துத் திரும்பியபோது அவள் முகத்தில் புதிதாக ஒரு தெளிவு இருந்தது.

"நமக்குத்தான் புத்தி இல்ல. கடல்ல வளந்த பையன் மூட்டை தூக்கற எடத்துல எதுக்கு இருக்கப் போறான்? மீன் துறைமுகத்துல இருப்பான். வாங்க."

துறைமுகத்துக்குப் பிறகு இன்னொரு ஊர், அதற்குப் பிறகு இன்னொன்று என்று பாங்குக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய வெறுங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"லியூ. அவன் எங்கயும் இல்ல. கான் அவன் கையப் பிடிச்சிருந்தான். வழுக்கிடுச்சு. அவன் முங்கினதக் கண்ணால பாத்திருக்கான். உங்கிட்ட சொல்லாதடான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

சனம் அவர்களை இடித்துக்கொண்டு போனது.

"எந்தக் கைய?" என்றாள் லியூ.

"தெரியல. நான் கேக்கல."

"ஒரு வருஷமா தெனம் அவனுக்குன்னு ஒரு கிண்ணம் சோறு எடுத்து வெச்சேன்" என்றாள். குரல் உயரவில்லை. "எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுதானே சாப்பிட்டீங்க."

நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன் என்று அவர் சொல்ல வந்தார். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் போகிறாள் என்று நினைத்துப் பின்னால் போனார். அவள் பாலத்தைக் கடந்து துறைமுகச் சாலையில் திரும்பினாள்.

அங்கே ஐஸ் உடைப்பவர்களிடமும், வலை தைக்கும் பெண்களிடமும், படகு படகாகப் போயும் அவள் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டாள். இருபத்தாறு வயசு, இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பார்த்தீர்களா என்று காலையில் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். பாங் பத்தடி தள்ளியே நின்றார். அருகில் போனபோதெல்லாம் அவள் அடுத்த படகுக்கு நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை தீவுக்குப் படகு பிடிக்க வேண்டுமானால் கடைசிப் பேருந்து நாலு மணிக்கு. நாலு மணி தாண்டியபோது இன்னும் முப்பது படகுகளுக்கு மேல் மிச்சமிருந்தன.