காது தூர்ந்த ஊசிகள்

உலோகம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. ஊருக்கு அது தெரியவந்தது பதினோரு வாரம் கழித்து. இடைப்பட்ட நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான், அவளும் அதைத் தவறாக எழுதிவைத்தாள்.

உலோகப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அளவு பார்ப்பவள் அவள். மீட்டரக்கா என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். விரல் நீளக் கம்பி ஒன்றை இயந்திரம் இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். சில லட்சம் இழுப்புக்குப் பிறகு கம்பியில் விரிசல் விழும். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மணிக்கொரு தரம் நுண்ணோக்கியில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், கம்பி முறிந்தால் அடுத்ததை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சமீப வருடங்களில் அங்கே வந்ததெல்லாம் ஸ்டென்ட் செய்யும் உலோகம். ஸ்டென்ட் என்றால் அடைத்துக்கொண்ட இதயக் குழாயைத் திறந்து வைக்க உள்ளே செருகுகிற சின்ன வலைக்குழாய். மீட்டரக்காவின் கணவருக்கே இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்று வைத்திருந்தார்கள். அவர் தையல்காரர், வீட்டின் முன்னறையில்தான் கடை. "என் கையில அடிவாங்கித் தேறின சரக்கு. மனுஷர் மக்கர் பண்ணினாலும் அது பண்ணாது" என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமை பேசியதுண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபதுக்கு விரிசல் நாற்பது மைக்ரான், தலைமுடியில் பாதிப் பருமன் இருந்தது. பத்து இருபதுக்கு முப்பத்தெட்டு ஆனது. விரிசல் வளரும், இல்லையென்றால் நிற்கும். சுருங்கியதாக எந்தக் கம்பியைப் பற்றியும் யாரும் எழுதியதில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், நுண்ணோக்கியையும் துடைத்தாள், அடுத்த மணிக்கு முப்பத்தைந்து. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை விசித்திரமான அளவு ஒன்றை இயக்குநரிடம் கொண்டுபோயிருந்தாள். "மெஷின் தப்பாச் சொல்லும்மா. அதோட சேர்ந்து நீங்களும் தப்பாச் சொல்றதுக்கா சம்பளம்?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் நாற்பத்தொன்று என்று எழுதினாள், அடுத்து நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் கம்பியில் விரிசலே இல்லை, கண்ணாடி போலப் பளபளத்தது. அதற்கு நேரே "முறிந்தது" என்று எழுதி, முழுக்கம்பியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். வேலை தெரிந்தவளால்தான் இவ்வளவு சுத்தமாகப் பொய் எழுத முடியும். பதினோரு வாரத்தில் முறியாத கம்பிகள் இருபத்தாறு சேர்ந்தன.

அவளுடைய சாவிக்கொத்தும் கைப்பையோடு அதே இழுப்பறையில்தான் கிடக்கும். ஆறும் குணம் ஸ்டென்ட் உலோகத்துக்கு எங்கே இருந்தாலும் தானாகவே வந்தது, மற்ற உலோகத்துக்கெல்லாம் தொட்டதில் ஒட்டிக்கொண்டது என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். முதலில் வீட்டுச் சாவியின் பற்கள் நிரம்பி, சாவி வழவழவென்று ஒரு பட்டையாகிவிட்டது. பூட்டுக்காரர் புதுச் சாவி வெட்டித் தந்தார், அதுவும் நான்கு நாளில் மழுங்கியது, ஒரு வாரத்தில் அவர் கடையிலிருந்த சாவிகள் எல்லாமே பட்டையாயின. சல்லடைகள் தட்டுகளாயின. கத்தரிக்கோல்களின் இரண்டு அலகும் ஒட்டிக்கொண்டன. சாணை பிடித்த கத்திகள் ஓரம் உருண்டு கரண்டிக்காம்பு போலாயின. கருவி பட்ட இடத்தையெல்லாம் உலோகம் காயமாகவே எடுத்துக்கொண்டது. எது விபத்து, எது மனிதன் வேண்டுமென்றே போட்ட ஓட்டை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஜனங்கள் பூட்டாமல் படுக்கப் பழகினார்கள், மாவைத் துணியில் சலித்தார்கள். தயாரிப்பில் மட்டம் என்று கம்பெனிகளைத் திட்டினார்கள். வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே என்று பூட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

பதினோராம் வாரக் கடைசியில், சனிக்கிழமை மத்தியானம், தையல்காரர் ஊசிப்பெட்டியைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். வாசலிலிருந்து அடுக்களைக்குப் பத்தடிகூட இருக்காது, அதற்கே மூச்சு வாங்கியது.

"இதைப் பாரேன். என் கண்ணுதான் போச்சுன்னு ரெண்டு நாளா நூலை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறேன். ஊசிக்குக் காது தூர்ந்துபோச்சும்மா. கம்மல் போடாத காது தூர்ந்துபோற மாதிரி."

அவள் ஊசியைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அவருக்குள் இருக்கும் வலையும் ஒரு முழுக்குழாயை வெட்டிச் செய்ததுதான். கம்பிக்கட்டின் மேல் ஒட்டியிருந்ததும் அவர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததும் ஒரே உலோகத்தின் பெயர். இரண்டையும் அவள் பல தடவை படித்திருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"ஒரு மாசமிருக்கும். வயசாச்சில்ல."

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இழுப்பறை, இருபத்தாறு கம்பிகள்.

"பதினோரு வாரமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாதுங்க. பார்த்தேன்."

அவர் ஊசிப்பெட்டியை மூடினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு சட்டைக்குக் காலர் வேலை பாக்கி நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். வலைக்கண்கள் எல்லாம் மூடி ஸ்டென்ட் ஒரு வெறும் குழாயாகியிருந்தது, உள்துளையும் பாதி தூர்ந்திருந்தது. நெஞ்சைத் திறந்து ரத்தம் போக வேறு வழி போட வேண்டும், ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் அரை நாள் வேலை என்றார் அவர். இப்போது கத்திகளுக்கு முனை இல்லை, ஊசிகளுக்குத் துளை இல்லை. வெளியூருக்குக் கொண்டுபோகலாமென்றால் வண்டிகளின் என்ஜின் துளைகளும் அடைந்து எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. கண்ணாடியில் செய்த கத்திகளும் ஊசிகளும் ஆட்கள் தோளில் சுமந்து நடந்தே வந்துகொண்டிருந்தன, வந்துசேர ஒன்பது நாள் ஆகும்.

திங்கட்கிழமை அவள் இழுப்பறையை இயக்குநர் முன்னால் திறந்தாள். ஏச்சுக்குத் தயாராகப் போனவளை அவர் ஏசவில்லை. ஒவ்வொரு கம்பியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "ஏம்மா, உலகத்துல யாருக்கும் கிடைக்காத விஷயம் இது" என்றார். அவருக்கு வந்தது சந்தோஷக் கண்ணீர் என்பது புரிந்தபோது அவள் அவரை வெறுத்தாள், தன்னை அதைவிட அதிகமாக வெறுத்தாள். சாயங்காலத்துக்குள் தேசம் தேசமாகத் தொலைபேசி வந்தது. அவளை யாரும் தண்டிக்கவில்லை.

தையல்காரர் ஆறு நாள் இருந்தார். மூன்று நாள் உட்கார முடிந்தது. பாக்கி நின்ற சட்டைக்குத் தைக்க வழியில்லாததால், காலரை மரக்குச்சியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் இதென்ன சாக்குத் தையலா என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு படுக்கைதான். மனைவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, ஆறாம் நாள் காலையில், "அன்னிக்கு உங்க இயக்குநர் எல்லார் முன்னாலயும் உன்னை அப்படிக் கேட்டிருக்க வேணாம்" என்றார். பத்து மணிக்கு மேல் மூச்சு நின்றது.

ஒன்பதாம் நாள் கண்ணாடிக் கத்திகள் வந்தன. மருத்துவர் முதல் கத்தியை எடுத்தது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்த தையல்காரரின் உடலிலிருந்து ஸ்டென்டை வெளியே எடுக்கத்தான். அது துளையோ தழும்போ இல்லாத ஓர் அரிசிமணியாகச் சுருங்கியிருந்தது. காகிதத்தில் மடித்து மீட்டரக்காவிடம் கொடுத்தார், அவள் கேட்டதன் பேரில் கத்தியையும் கொடுத்தார்.

பிறகு அந்த ஊர் மரத்தாலும் கண்ணாடியாலும் வாழக் கற்றுக்கொண்டது. இயக்குநரைப் பெரிய ஊர்களுக்கு அழைத்துப்போய்ப் பரிசு கொடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது, ஆனாலும் மீட்டரக்கா தினமும் வருகிறாள், யாரும் வராதே என்று சொன்னதில்லை. அந்த மணியை மேசையில் வைத்துக் கண்ணாடிக் கத்தியால் ஒரு கீறல் போடுவாள். மணிக்கொரு தரம் உருப்பெருக்கியில் பார்ப்பாள். நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுவாள். மூன்றாம் நாள் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் கீறுவாள்.