என் இடத்தில் உட்கார்ந்திருப்பவள்

"எந்திரிக்கச் சொல்லு அவள. அது என்ற எடம், ரங்கா. இருவது வருசமா நான்..."

"தெனமும் வாறவ அவதான் புள்ள. நீ எங்க..."

"வரக்கூடாதுன்னா இருந்தேன்?"

"தள்ளி நில்லு. டீ ஆறுது."

ரங்காத்தாள் மில்லில் எனக்கு அடுத்த மிஷினில் நிற்பவள். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். நாலு மணிச் சங்குக்கு வெளியே போகிற நான். ஓவர்டைமில் நிற்கிற நான் பத்து நிமிட பாஸ் வாங்கிப் பார்க்க வந்திருந்தேன்.

மற்ற பெஞ்சுகளில் செல்போன்கள் உட்கார்ந்து தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் பின்னால் நின்று காத்திருந்தார்கள். இப்போதெல்லாம் அப்படித்தான். ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற பெஞ்சு இது ஒன்றுதான்.

ரங்காத்தாள் ஒரு சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ரயிலில் போகும் அக்கா தங்கச்சி கதை. தண்ணீர் பிடிக்க அக்கா இறங்குகிறாள், ரயில் கிளம்பிவிடுகிறது. எனக்கு அதுவரைதான் சொல்லியிருந்தாள். பெஞ்சில் இருந்தவளுக்கு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கதையில் சிரிக்கிற இடம் வருவதற்கு முன்பே அவள் சிரித்தாள். நான் அப்படிச் சிரிப்பதில்லை. ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினார்கள். அவள் டம்ளரில் அரை விரல் அதிகம் இருந்தது.

டைம் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் தாமோதரன் தலை நிமிரவில்லை.

"ஓவர்டைமுக்குக் கையெழுத்துப் போட்டீங்க. நிக்கற ஆள நிறுத்திட்டோம், போற ஆள விட்டுட்டோம்."

"ரெண்டும் நான்தானுங்க."

"அதனாலதான் ஒரு கையெழுத்து போதும்னு விட்டோம்."

"திருப்பிச் சேத்துங்க."

"அவங்க சம்மதிக்கோணும்." ஒரு தாளை நீட்டினார்.

டைம் ஆபீசிலிருந்து கேட்டுக்கு நாற்பது அடி. அன்று நீளமாக இருந்தது. வழியில் இரண்டு தீபாவளி போனஸ் போட்டார்கள், பிறகு எண்ணவில்லை. கேட்டை அடைந்தபோது என் தலை முழுக்க நரைத்திருந்தது. பாஸில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

பெஞ்சில் யாருக்கும் நரைக்கவில்லை. டீயும் ஆறவில்லை.

"யாரு வேணுங்கக்கா?" என்றாள் ரங்காத்தாள்.

தாளை அவளிடம் கொடுத்தேன். என்னிடம், அதாவது. அவள் இரண்டு பக்கமும் படித்தாள்.

"இதுல போட்டா நான் உள்ள வந்து நிக்கோணுமா?"

"ரெண்டு பேரும் ஒண்ணாயிருவோம்."

"எந்தப் பக்கம்?"

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

"கதை முடியட்டுங்க," என்றாள். தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அண்டை கொடுத்தாள். பெஞ்சு ஆடாமல் நின்றது. அது என் பக்கத்துக் கால். இருபது வருடம் ஆடியது.

ரங்காத்தாள் அவள் காதருகே குனிந்து மீதிக் கதையை மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். உள்ளே என் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டேன்.

"தண்ணி புடிக்க எறங்குனவ மறுபடி ரயில் ஏறுனாளா, ரங்கா?"