மூட்டைக்கு அரைக் கிலோ

தூத்துக்குடி துறைமுக ஷெட்டில் எங்கள் வெங்காய மூட்டை நாற்பதும் ஓரங்கட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குன்னத்திலிருந்து மூன்று பஸ் மாறி, கூட வேலை செய்கிற ஆண்டாயியையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். 'எடைக் கோளாறு, சரக்கு நிறுத்தம்' என்று முதலாளி வைத்திலிங்கத்துக்குத் தந்தி வந்திருந்தது. என் தலைமையில் ஒன்பது பொம்பளைகள் தரம் பிரித்துக் கட்டிய மூட்டை அது. எடை குறைவென்று எவன் சொன்னானோ அவன் நாக்கு அழுகட்டும் என்று வழியெல்லாம் வைதுகொண்டே வந்தேன்.

வந்து பார்த்தால், குறையவில்லை. கூடியிருக்கிறது.

"மூட்டைக்கு அம்பது கிலோன்னு லைசென்ஸ். எல்லாத்துலயும் அரைக் கிலோ கூட இருக்கு. கணக்குல காட்டாம கடத்தப் பாத்தீங்களா?" என்றார் சுங்க ஆபீசர். கண்ணாடி போட்டவர், என் தம்பி வயசு இருக்கும்.

"கடத்துறதா? நல்லாருக்கே கதை! காஞ்சு குறையுமேன்னு போட்டதுங்க சார் அது."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெங்காயம் போகிற வழியில் காய்ந்து எடை இறங்கும். வாங்குகிறவர் தராசில் வைக்கும்போது குறையக் கூடாதென்று, மூட்டையைத் தைக்கும் முன் மேலே இரண்டு கை அள்ளிப் போடுவோம். போடாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். அரியலூர் போகிற மூட்டைக்கே போடுகிறவள், கடல் தாண்டிப் போவதற்குப் போடாமல் இருப்பேனா? அதிலும் கொழும்பில் 'குன்னம் சரக்கு' என்று பேர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அம்மா காலத்தில் அடுத்தவர் கொல்லையில் நாளெல்லாம் வெங்காயம் ஆய்ந்துவிட்டு, அவர்கள் கழித்துப் போட்டதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வருவோம். இப்போது என் கை பட்ட சரக்கு கடல் தாண்டுகிறது. பெருமை இருக்காதா?

லாரி டிரைவர் செல்லக்கண்ணு மூன்று நாளாக அங்கேயே கிடந்தான். கையிலிருந்த பேப்பரைக் காட்டினான்.

"அக்கா, டாக்காவுல ஏழு நாடு கூடிப் பேசியிருக்காங்க. அக்கம்பக்கத்து நாடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா இருக்கப் போவுதாம்."

"இருக்கட்டும்டா. மொதல்ல நம்ம மூட்டைய ஏத்தச் சொல்லு."

கொழும்பில் இந்த மாதத்தோடு வெளி வெங்காயத்துக்குக் கதவை அடைக்கிறார்களாம். அவர்கள் ஊர் வெள்ளாமை வீடு வருகிறது. அங்கேயும் நம்மை மாதிரி வெங்காயம் போடுகிறவன் இருக்கிறான், அவன் விலை விழக் கூடாதில்லையா. டெல்லியிலோ, வெளியே நிறையப் போனால் இங்கே விலை ஏறிவிடுமென்று கிலோக் கணக்காக அளந்து அனுமதி கொடுக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் என் அரைக் கிலோ மாட்டிக்கொண்டு முழிக்கிறது. சாயங்காலம் கிளம்புகிற தோணிதான் கடைசி. அதை விட்டால் நாற்பது மூட்டையும் இங்கேயே முளைவிடும். அடுத்த வருஷம் முதலாளி வேறு ஊரில் ஆள் பார்ப்பார்.

"மேல ரெண்டு கை எடுத்துட்டுத் தச்சிருங்க, போதும்" என்றார் ஆபீசர்.

எப்படிப் போதும்? அங்கே போய் எடை குறைந்தால், குன்னத்துக்காரி ஏமாற்றிவிட்டாள் என்றுதானே பேச்சு வரும்? ஒவ்வொரு மூட்டையாகத் தரையில் கொட்டச் சொன்னேன். கழுத்துப் பச்சை மாறாத காயாகப் பார்த்து அரைக் கிலோ பொறுக்கித் தள்ளினோம். இனிமேல் காய்ந்து இறங்க ஈரமில்லாத காய்தான் உள்ளே போனது. சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஆண்டாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள், ஆனால் கை நிற்கவில்லை. கழித்த குவியலை மூட்டை தூக்குகிறவர்கள் துண்டில் வாரிக்கொண்டு போனார்கள்.

நாற்பதாவது மூட்டையும் சரியாக ஐம்பதில் நின்றது. ஆபீசர் ஒரு தாளை நீட்டினார்.

"'தவறுதலாகக் கூடுதல் எடை வைத்துவிட்டோம், மன்னிக்கவும்'னு எழுதியிருக்கு. ஒரு கைநாட்டு வையுங்க. சரக்க விட்டுடலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தவறா? மாட்டேங்க சார்."

"அடியே அம்சவள்ளி, வச்சித் தொலைடி! தோணிக்காரன் கத்துறான்" என்று ஆண்டாயி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். செல்லக்கண்ணு கும்பிடாத குறை. ஒன்பது பேர் பிழைப்பு அந்தத் தாளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"சார், குறைச்சு வச்சிருந்தா இந்நேரம் உங்க கால்ல வுழுந்திருப்பேன். கூட வச்சதுக்கு மன்னிப்புக் கேக்க எங்கூருல எவளும் பொறக்கல. உங்க சட்டத்துக்கு ஒத்து வரலன்னு எழுதுங்க, ஒத்துக்கிறேன். தப்புன்னு எழுதாதீங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். தைத்து அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தார். வெளியே தோணியில் பாய்மரக் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. பேனாவைத் திறந்து, தாளில் இரண்டு இடத்தில் கோடு இழுத்து, மேலே ஏதோ எழுதினார். நான் நம்பவில்லை. செல்லக்கண்ணுவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"'ஊர் வழக்கப்படி கூடுதலாக வைத்தோம், இப்போது எடுத்துவிட்டோம்'னு இருக்குக்கா. மன்னிப்பையும் அடிச்சிட்டாரு."

மைப்பெட்டியில் விரலை அழுத்தி எடுத்து, தாளில் ஊன்றினேன். காலையிலிருந்து வெங்காயம் பொறுக்கிய விரல். எடுத்தபோது, மை ஈரத்தில் செந்நிறச் சருகுத் துணுக்கு ஒன்று என் ரேகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆபீசர் அதைத் தட்டிவிடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே அதன் மேல் முத்திரையைக் குத்தினார்.