ஒப்பந்தப் பணியாளர் வெளியே இருக்கவும்

மதிப்பீட்டு நாளன்று காலை பத்து மணிக்குக் கணக்கக்காவை அவளுடைய நாற்காலியிலிருந்து எழுப்பி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது யார் என்று கேட்டால் ஆளைக் காட்ட முடியாது. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அச்சடித்திருந்தது: மதிப்பீட்டின்போது ஒப்பந்தப் பணியாளர் வெளியே இருக்கவும். ஏழு வருடமாக அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாரும் கணக்கு எழுதியதில்லை என்பது படிவத்துக்கு எப்படித் தெரியும்? கைப்பையையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்தச் சுகாதார அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கணக்கக்காதான். அலுவலகத்துக்குத் தலைவரான டாக்டர் அவளைவிட எட்டு வயது மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று அங்கே நடந்தது. ஊசி அரசாங்கத்தினுடையது, செலவுக்குப் பணம் எங்கோ தூர தேசத்து நிதி நிறுவனத்தினுடையது. அந்தப் பணத்தைக் கேட்டு எழுதுவது, வந்ததும் பிரித்துக் கொடுப்பது, கொடுத்ததற்கெல்லாம் சீட்டு வாங்கி ஒட்டுவது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. அவள் சம்பளமும் அதே நிறுவனத்திலிருந்துதான், தவணையோடு சேராமல் தனியாக வந்தது. ஆகவே அவள் ஒப்பந்தப் பணியாளர். கணக்குப் பிரிவில் அரசு ஊழியர் என்று சொல்லத் தகுந்தவர், எல்லோரும் சீனியர் என்று கூப்பிடும் மூத்த கணக்கர் ஒருவர்தான்.

சீனியர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அரசு கணக்கர்களின் திறனை வளர்க்கிறோம் என்று நிதி நிறுவனம் வருடத்துக்கு ஒரு பயிற்சி வைக்கும். பயிற்சிக்கு நிரந்தர ஊழியர் மட்டுமே போகலாம் என்பது விதி. அதனால் கணக்குப் பக்கமே தலைவைக்காத சீனியர் நாலு தடவை போய், குளிரூட்டிய அறையில் நன்றாகத் தூங்கி எழுந்து, நாலு சான்றிதழோடு வந்து சேர்ந்தார். நாலையும் லேமினேட் செய்து மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அங்கே கொடுத்த பாடக் குறிப்புகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து அவள் மேசையில் வைப்பார். "உங்களுக்குத்தாம்மா உபயோகப்படும்" என்பார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் குழப்பம்தான்.

இந்த வருடம் நிறுவனம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. இவ்வளவு பயிற்சி கொடுத்தோமே, கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டுமாம். கணக்கரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். நூற்றுக்கு எழுபது வாங்கினால் திட்டத்தின் அடுத்த தவணைப் பணம் வரும். வாங்காவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுமதிப்பீடு, அதுவரை பணம் கிடையாது.

பணம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைக் கணக்கக்காவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சில் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. அவளுடைய நாத்தனார் களப்பணிச் செவிலி. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். போன தவணை தீர்ந்து மூன்று மாதமாகிறது. செவிலிகள் பன்னிரண்டு பேரும் ஊசிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கைக்காசைப் போட்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். கைக்காசு தீர்ந்தவர்கள் பஸ் போகாத பக்கங்களை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட ஆரம்பித்திருந்தார்கள். நாத்தனார் தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாள்: "வந்துச்சா அண்ணி?" வரவில்லை என்று சொல்லிச் சொல்லி கணக்கக்காவுக்கு வாய் வலித்துவிட்டது. இன்று நாத்தனார் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் பார்க்கவே வந்துவிட்டாள்.

பெஞ்சுக்கு எதிரே தண்ணீர் கேனும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் இருந்தன. பத்தே காலுக்குச் சீனியர் முதல்முறையாகத் தண்ணீர் குடிக்க வந்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைப் படத்தை ஒரு தடவை தட்டணுமா, ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

அரை டம்ளர் குடித்துவிட்டு உள்ளே ஓடினார். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார்.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

"போன வாரம் சீட்டுல எழுதிக் குடுத்தேனே சார்."

"அதை எங்க வீட்டம்மா சட்டையோட சேத்துத் துவைச்சுட்டாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்றாம் முறை வந்தபோது அவருடைய நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"முன்பணம் குடுத்ததைச் செலவுன்னு காட்டலாமான்னு கேக்குறாங்கம்மா."

"காட்டக் கூடாது. சீட்டு வந்த பிறகுதான் அது செலவு. அதுவரைக்கும் முன்பணம் முன்பணம்தான்."

"காட்டலாம்னு சொல்லிட்டேனே."

"போய், இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லுங்க. போங்க சார்."

ஆறு வாரம் ஆயிற்று அவள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து. மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தாள். சொல்லும்போது நன்றாகத் தலையாட்டுவார். கை கழுவிவிட்டு வந்தால் போயே போய்விட்டது. அறுபதை நெருங்கும் மனிதரை என்னவென்று சொல்ல? அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கணக்கு என்பது சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம். அதில் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். அதற்கு இப்போது யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ஐந்தாவது டம்ளருக்குப் பிறகு விஷயம் வேறு பக்கம் திரும்பியது. மதிப்பீட்டாளர் ஒல்லியான இளம்பெண், மரியாதை தெரிந்தவள். அவள் டாக்டரிடம் போய், இவர் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாரே, சர்க்கரை பரிசோதித்தீர்களா என்று நிஜமான கவலையோடு விசாரித்தாள். டாக்டருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருக்கவும் தெரியும். வெளியே வந்து நாத்தனாரிடம் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் தம் அறைக்குப் போனார்.

நாத்தனார் சீனியரின் விரலில் ஊசி குத்தினாள். குத்தும்போதே அவர் கணக்கக்கா பக்கம் திரும்பி, "ஒரே ஆள் பணம் கேட்டு அவரே ஒப்புதல் குடுக்கலாமாம்மா?" என்றார்.

"கூடாது. கேக்கறவர் ஒருத்தர், ஒப்புதல் குடுக்கறவர் வேற ஒருத்தர்."

"சர்க்கரை நார்மல்" என்றாள் நாத்தனார். "உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை. எங்களுக்குத்தான் வந்துடும் போல."

பன்னிரண்டு மணிக்கு மதிப்பீட்டாளர் சிறிது இடைவெளி விட்டுவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த டேப்லெட்டைத் துடைத்தபடி சிநேகமாகப் பேசினாள்.

"நீங்கதானே இங்க ஒப்பந்தத்துல இருக்கற கணக்கர்? உங்க சீனியர் நல்லா பண்றார். கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு சொல்றார், ஆனா சரியா சொல்றார். அம்பத்திநாலு வந்தாச்சு. கடைசிக் கேள்வி மட்டும் இருக்கு, அதுக்கே இருபத்தஞ்சு மார்க். அது வந்தா எழுபது தாண்டிடும்."

"நல்லது" என்றாள் கணக்கக்கா. நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"உங்களுக்கும் நல்ல செய்திதான். எழுபது தாண்டிட்டா இந்த ஆபீஸ் சொந்தக் கால்ல நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஒப்பந்த ஆளுக்கு நாங்க பணம் குடுக்கத் தேவையிருக்காது. இந்த மூணு மாசத்தோட அதை முடிச்சிடுவோம்."

"எதை?"

"உங்க போஸ்ட்டை."

கணக்கக்கா அவள் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று தேடினாள். இல்லை. அந்தப் பெண் மனதாரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு எப்படிங்க நல்ல செய்தி?"

"நீங்க எதுக்காக வந்தீங்களோ அது நிறைவேறிடுச்சு இல்லையா? எத்தனையோ ஆபீஸ்ல இது நடக்கவே மாட்டேங்குது." புன்னகைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

கணக்கக்காவுக்கு அழுகை வரவில்லை. விரல் விட்டுக் கணக்குத்தான் போட்டாள். மூன்று மாதம். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில் போகிறது, மளிகை நாத்தனார் சம்பளத்தில். புருஷன் வேலை செய்யும் அச்சகம் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பது? தன் வேலைக்கு உலை வைக்க ஆறு வாரமாகத் தானே சோற்றை விட்டுவிட்டுப் பாடம் எடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க ஆள்தான் அகப்படவில்லை.

நாத்தனார் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குனிந்து, மெல்லச் சொன்னாள்.

"அண்ணி. அடுத்த தடவை அவர் வந்து கேட்டா சொல்லாதீங்க."

"பணம் வராதுடி. இன்னும் ஆறு மாசம் ஆகும்."

"ஆகட்டும்."

"உன் பஸ் காசு? மத்த பதினோரு பேரு?"

"நான் ஏதாச்சும் பாத்துக்கறேன். மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. நீங்க வாயத் திறக்காதீங்க, அவ்வளவுதான்."

தினமும் வாசலிலேயே நின்று பணம் பணம் என்று உயிரை எடுத்தவள் இவள்தானா என்று கணக்கக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. சீனியர் தண்ணீர் கேன் பக்கமே போகாமல் நேராக அவள் முன்னால் வந்து நின்றார்.

"பேங்க்ல இருக்கறதுக்கும் நம்ம புத்தகத்துல இருக்கறதுக்கும் பதினெட்டாயிரத்து நானூறு இடிக்குதும்மா. ஏன் இடிக்குதுன்னு எழுதச் சொல்றாங்க."

கணக்கக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"ஏம்மா, கேக்குதா?"

நாத்தனார் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தாள். சீனியர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி. உங்களுக்கும் ஞாபகம் இல்லை போல. பாவம், நீங்க மட்டும் எத்தனையை மனசுல வெச்சுக்குவீங்க. நான் சில்லறைச் செலவுன்னு போட்டுடறேன்."

திரும்பி நடந்தார். கதவுவரை போய்விட்டார்.

"சில்லறைச் செலவா?" என்றாள் கணக்கக்கா.

"அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எந்தச் செலவு சார்? யாருக்குக் குடுத்தீங்க? சீட்டு எங்க?" எழுந்தே விட்டாள். "மொதல்ல பேங்க்ல பணம் கூடவா இருக்கு, கொறச்சலா இருக்கு? கூட இருக்கு. கூட இருக்கற பணத்துக்குச் செலவு எழுதுவீங்களா? ஏழு வருஷமா ஒரு பைசா இடிக்காம வெச்சிருக்கேன், அதுல போய் சில்லறைச் செலவுன்னு எழுதுவீங்களா?"

"பின்ன என்னன்னுதான் எழுதட்டும்?" சீனியர் அழாத குறை.

"ஊசி மருந்து கொண்டுவர்ற வேன்காரருக்குப் பதினெட்டாயிரத்து எழுநூத்தம்பதுக்குச் செக் குடுத்தோம். அவர் இன்னும் பேங்க்ல போடலை. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டற அன்னைக்குத்தான் போடுவார், எப்பவும் அப்படித்தான். நம்ம புத்தகத்துல கழிச்சாச்சு, பேங்க்ல கழியலை. அதோட முன்னூத்தம்பது பேங்க்காரங்க சேவைக் கட்டணம்னு எடுத்துட்டாங்க, அதை நம்ம புத்தகத்துல இன்னும் ஏத்தலை. செக் தொகைல அதைக் கழிங்க. எவ்வளவு வருது?"

சீனியர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். "பதினெட்டாயிரத்து நானூறு" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. "அட, இவ்வளவுதானாம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

கணக்கக்கா உட்கார்ந்தாள். நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவிலிகளை நினைத்தோ குழந்தைகளை நினைத்தோ சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்லலாம்தான். அது பொய். தப்பான ஒரு வரி தன் கணக்கில் ஏறுவதைப் பொறுக்க முடியவில்லை. புத்தி கெட்டுப் போயிற்று என்றுதான் அவளுக்கே தோன்றியது.

எழுபத்தொன்பது. டாக்டர் வராந்தாவுக்கே வந்து சொன்னார். இரண்டு வாரத்தில் பணம் வந்துவிடும் என்றார். சான்றிதழ் ஐந்தாவது வரப்போகிறது என்று சீனியரின் முதுகில் தட்டினார். மதிப்பீட்டாளர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, கடைசியாகக் கணக்கக்காவிடம் வந்து டேப்லெட்டை நீட்டினாள்.

"ஒரே ஒரு கையெழுத்து மேடம். சும்மா ஒரு வழக்கம்தான்."

கணக்கக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'மதிப்பீடு நடந்த நேரத்தில் கணக்கருக்கு நான் எவ்வித உதவியும் செய்யவில்லை என உறுதி கூறுகிறேன்.' கீழே பெயர், பதவி, கையெழுத்து என்று மூன்று கோடுகள்.

பின்னால் நின்று சீனியரும் படித்துவிட்டார். மலர்ந்திருந்த முகம் சுருங்கிப் போயிற்று. "இல்லைங்க, அது வந்து" என்று மதிப்பீட்டாளரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சார்" என்றாள் கணக்கக்கா. "உள்ள போய் உக்காருங்க."

"இல்லம்மா, நான்தான்..."

"போங்க சார். இன்னும் ஆறு மாசத்துக்கு நர்சுங்களை வெறுங்கையோட அனுப்பணுமா?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் போகவில்லை. அங்கேயே தலை குனிந்துகொண்டு நின்றார். கணக்கக்கா முதல் இரண்டு கோடுகளில் பெயரையும் பதவியையும் எழுதினாள். விரலால் போட்ட கையெழுத்துக் கோணலாக விழுந்தது. மதிப்பீட்டாளர் பரவாயில்லை என்றாள். கணக்கக்கா அதை அழித்துவிட்டு, முன்னெழுத்தோடு சேர்த்துத் திருத்தமாக இன்னொரு தடவை போட்டாள். ஏழு வருடத்தில் அந்தத் திட்டத்தின் காகிதம் எதிலும் அவள் பெயர் ஏறியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏறியது, தான் எதுவுமே செய்யவில்லை என்று.