மார்ட்டின் கான்சிடினின் முதுகு

சிலையை இறக்கிய கிரேன்காரன் வெளியூர்க்காரன். அவனுக்கு என்ன தெரியும்? பாலத்து முனையில், பாழடைந்த மடாலயத்தை ஒட்டி, வெயில் நன்றாக விழும்படி மார்ட்டின் கான்சிடினை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். முகம், இந்தக் கரையில் இருக்கும் தேவாலயப் பங்கான கில்ஃபாராவைப் பார்த்தது. முதுகு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டல்லரி பங்குக்கு. வம்பு தொடங்க வேறென்ன வேண்டும்?

கிளேர் மாவட்டத்தில் ஹர்லிங் பந்தாட்டத்துக்கு மட்டை பிடித்தவர்களில் கான்சிடினைப் போல் இன்னொருவன் இல்லை என்பதில் மட்டும் இரண்டு பங்குக்கும் சண்டை கிடையாது. அவன் பிறந்தது கில்ஃபாராவில். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனது டல்லரிக்கு. கோப்பைகளை ஜெயித்ததெல்லாம் அங்கே போன பிறகுதான். "பெத்தது நாங்க" என்பார்கள் இவர்கள். "ஆளாக்குனது நாங்க" என்பார்கள் அவர்கள். இவர்களுக்கு மடாலயமும் அதில் கல்லறை மேல் கல்லாய்ப் படுத்திருக்கும் அந்தக் காலத்து ஆயர் ஒருவரும். அவர்களுக்கு இடிந்த கோட்டையும், அதன் உச்சியிலிருந்து வரி கேட்க வந்தவன் தலையில் சுடுகஞ்சி ஊற்றிய சீமாட்டியும். சுற்றுலாப் பேருந்து எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று சன்னல் வழியாகப் பார்க்கிற ஜனங்கள்.

கில்ஃபாராக்காரி நூலா மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவளா? சிலையின் முகத்தைப் பார்த்து அவளும் உள்ளூரச் சிரித்தவள்தான். சாயங்காலம் டல்லரியிலிருந்து செனன் டால்டியின் தொலைபேசி வந்ததும் அந்தச் சிரிப்பு செத்துப்போனது.

நூலா கில்ஃபாராவில் பெண்பிள்ளைகளுக்கு ஹர்லிங் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அணி சேர்க்க அங்கே பிள்ளைகள் போதாது. டல்லரியிலும் அதே கதி. இரண்டையும் சேர்த்து ஒரே அணியாக்க, டல்லரி விளையாட்டு மன்றத் தலைவர் செனனைக் குளிர்காலம் முழுக்கக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் மாவட்ட வாரியத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த வருஷமும் பிள்ளைகள் வேலியோரம் நின்று அடுத்தவர் ஆட்டத்துக்குக் கைதட்ட வேண்டியதுதான்.

"எங்களுக்கு முதுகைக் காட்டிட்டீங்க," என்றார் செனன். "எங்க பிள்ளைங்க உங்களோட ஆட வராது. பேச்சு முடிஞ்சுது."

"சிலையை நானா நிறுத்துனேன், செனன்?"

"நீ நிறுத்தல. நீ சந்தோஷப்பட்டே."

நூலாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது பொய்யில்லை.

வியாழக்கிழமை மடாலயத் திடலில் தன் பிள்ளைகளோடு நின்றபோது, பாலத்தைத் தாண்டி ஒருத்தி மட்டையோடு ஓடி வந்தாள். செனனின் பேத்தி டெர்வ்லா.

"தாத்தாவுக்குத் தெரியுமாடி?"

"தாத்தா மாடு பார்க்கப் போயிருக்கார்."

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்ப மனம் வரவில்லை. நூலாவின் மகள் ஓர்லா திடலோரக் கிணற்றடியிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தாள். டெர்வ்லா ஓடிவந்த வேகத்தில், கையால் தொடாமல், அந்தரத்திலேயே அதைச் சாத்தினாள். பந்து திடலைக் கடந்து கான்சிடினின் தலையில் போய் மோதியது. 'டக்' என்று ஒரு சத்தம். இடது காது புல்லில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறைமாவட்ட ஆயர் வந்து திறந்துவைக்க வேண்டிய சிலை. கிரேன்காரன் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்று நூலாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பாலத்தில் டிராக்டர் வந்து நின்றது. பேத்தியைத் தேடி வந்த செனன் இறங்கி, சிலையைப் பார்த்தார். காதைப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான் தாத்தா," என்றாள் டெர்வ்லா.

"எங்க நின்னு?"

அவள் கை காட்டிய இடத்துக்கு அவர் நடந்து போனார். போய்ச் சேரவே நேரமானது. திரும்பி நின்று சிலையை ஒரு தடவை அளந்தார்.

"பந்தைக் கையில வச்சா அடிச்சே?"

"இல்ல. ஓடிக்கிட்டே. ஓர்லா போட்டா."

"பொய் சொல்லாத. இன்னொரு தடவை அடி, பார்ப்போம். அந்தப் பாவி மேல வேண்டாம், மடத்துச் சுவருக்கு மேல."

ஓர்லா போட்டாள். டெர்வ்லா அடித்தாள். கூரையில்லாத அந்த உயரச் சுவரைத் தாண்டிப் பந்து எங்கோ போய்விட்டது. செனன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் கண் ஓர்லாவிடம் போனது, பேத்தியிடம் வந்தது, மறுபடி ஓர்லாவிடம் போனது.

"நூலா, பேரை அனுப்பிடு."

"சிலை, செனன்?"

"அது கிடக்குது. எங்க பக்கம் இருக்கிற முதுகுல ஒரு கீறல் இல்ல. ஒத்தைக் காது மூஞ்சியை நீங்களே தினமும் பாத்துக்கிட்டிருங்க."

நூலா சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் கேப்பாங்களே, தாத்தா," என்றாள் டெர்வ்லா. "என்ன சொல்றது?"

"டல்லரிக்காரி ஒருத்தி அடிச்சான்னு நிமிர்ந்து நின்னு சொல்லு."

டிராக்டரை நோக்கிப் பாதி தூரம் போனவர், நின்றார். திரும்பாமலே, வேண்டாவெறுப்பாய்ச் சொன்னார்:

"கில்ஃபாராக்காரி போட்ட பந்துலன்னும் சேர்த்துச் சொல்லு."